குடியிருந்த மேடை: சென்னை விக்டோரியா பொது மண்டபமும் தமிழ் நாடக அரங்கும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைப் பூங்கா நகரில் எழுந்த விக்டோரியா பொது மண்டபம், நகரப் பொதுக்கூட்டங்களுக்கென்று கட்டப்பட்டது. ஆயினும் தமிழ் நாடக வரலாற்றில் அதற்குள்ள இடம் பெரிது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை வளர்ந்தது இம்மண்டபத்தில்தான். இக்கட்டுரை மண்டபத்தின் நில, நிதி வரலாற்றையும் கட்டட அமைப்பையும் சபையின் நாடக நடைமுறையோடு இணைத்து ஆராய்கிறது. நாடகத்திற்கென்று கட்டப்படாத ஒரு கட்டடத்தில் தமிழ் நாடகம் வாடகைக் குடியாக இருந்தது. அந்நிலை நாடகத்தின் வடிவத்தையும் பார்வையாளர் சமூகத்தையும், பின்னாளில் அதன் நினைவையும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: விக்டோரியா பொது மண்டபம், சிசம், நம்பெருமாள் செட்டியார், சுகுண விலாச சபை, பம்மல் சம்பந்த முதலியார், நாடக அரங்கு, கொட்டகை.

முன்னுரை

இந்தியாவில் 'ஆப்பரா ஹவுஸ்' என்ற பெயரோடு இன்றும் நிற்கும் அரங்கம் மும்பையில் உள்ளது. மாரிஸ் பாண்ட்மன் என்னும் நாடக நிறுவனரும் ஜஹாங்கீர் பிராம்ஜி கரக்கா என்னும் பார்சி வணிகரும் சேர்ந்து உருவாக்கிய அந்த ராயல் ஆப்பரா ஹவுஸ் 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரால் திறந்து வைக்கப்பட்டது. இசைக்குழு அமரும் பள்ளம், அடுக்கு மாடங்கள், தனி அறைகளாகப் பிரித்த இருக்கைகள், பரோக் பாணி அலங்காரம் என அனைத்தும் நிகழ்த்துகலை ஒன்றையே கருதித் திட்டமிடப்பட்டவை. 1993-இல் மூடப்பட்டு, கட்டடப் பாதுகாப்பு வல்லுநர் ஆபா நாராயண் லாம்பாவின் மேற்பார்வையில் சீரமைக்கப்பட்டு, 2016-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அது எதற்காக மீட்கப்படுகிறது என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. அரங்கம் அரங்கமாகவே மீண்டது.

சென்னைக்கு அத்தகைய கட்டடம் வாய்க்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் இருந்த பாந்தியன் மாளிகையில் ஐரோப்பியரின் விருந்தும் நடனமும் நாடகமும் நிகழ்ந்தன. இன்றைய பாந்தியன் சாலை அதன் பெயரையே தாங்கி நிற்கிறது. ஹென்றி இர்வினின் வடிவமைப்பில் 1896-இல் உருவான அருங்காட்சியக அரங்கமும் தொடக்கத்தில் பெரும்பாலும் ஆங்கில நாடகத்திற்கே பயன்பட்டது. தமிழ் நாடகம் நிலையாகக் கால் ஊன்றிய கற்கட்டடம் எது என்று கேட்டால், விடையாக வருவது ஒரு 'டவுன் ஹால்'. மண்டபத்தைப் பற்றிய கட்டடக்கலை எழுத்துகள் சபையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நாடக வரலாற்று நூல்களோ மண்டபத்தை வெறும் முகவரியாகக் கருதுகின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நிதியும்

சென்னை நகரத்தாருக்கென்று ஒரு பொது மண்டபம் வேண்டும் என்ற கோரிக்கை 1882-இல் நகரப் பிரமுகர்களின் கூட்டத்தில் உருப்பெற்றது. அதன் விளைவாக அறங்காவலர் குழு ஒன்று அமைந்தது. 1883 டிசம்பர் 17 அன்று விஜயநகரம் மகாராஜா பூசபாட்டி ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். நன்கொடையாளருள் முதன்மையானவரும் அவரே. சமஸ்தான மன்னர், ஜமீன்தார், வணிகர் எனப் பலரும் பொருள் உதவினர். அரசுக் கருவூலத்தின் கட்டடமாக இல்லாமல், இந்தியரின் நன்கொடையில் எழுந்த கட்டடமாக இது விளங்குவது குறிப்பிடத்தக்கது.

நிலம் மாநகராட்சியினுடையது. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில் உருவான மக்கள் பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு, அதாவது ஏறத்தாழ 3.14 ஏக்கர், 1886 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு அறங்காவலர் குழுவிடம் அளிக்கப்பட்டது. குத்தகைத் தொகை கிரவுண்டு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரை ரூபாய். ஆக, முழு நிலத்திற்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 28 ரூபாய். விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி அவர் பெயர் சூட்டப்பெற்ற மண்டபம் 1888-க்கும் 1890-க்கும் இடையில் கட்டி முடிக்கப்பட்டது.

இந்த நிதி அமைப்பை வெறும் நிர்வாகச் செய்தியாகக் கொள்ளலாகாது. நிலம் மாநகராட்சிக்கு, கட்டடம் அறங்காவலருக்கு, பயன்பாடு வாடகை கொடுப்போருக்கு என மூன்று அடுக்குகளாக உரிமை பிரிந்திருந்தது. நாடகம் மூன்றாம் அடுக்கில் நின்றது. பின்வரும் நூறாண்டு வரலாற்றின் சிக்கல்கள் பலவும் இந்தப் பிரிவிலிருந்தே கிளைக்கின்றன.

இடத்தேர்வும் கவனத்திற்குரியது. சென்ட்ரல் இரயில் நிலையம் 1873 முதல் அங்கு இயங்கி வந்தது. மண்டபம் எழுந்து சில ஆண்டுகளில் அருகே மூர் மார்க்கெட் வந்தது (1900). மேற்கே மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வந்தது (1913). 1895 முதல் நகரில் மின்சார டிராம் ஓடியது. கறுப்பர் நகரத்து வணிகர், மயிலாப்பூர் வழக்கறிஞர், வேப்பேரி அலுவலர் ஆகிய அனைவரும் வந்து சேரவும் இரவு வீடு திரும்பவும் ஏற்ற இடம் நகரில் இதைவிட வேறொன்று இருந்திருக்க முடியாது.

கட்டட அமைப்பு

மண்டபத்தை வடிவமைத்தவர் இராபர்ட் பெல்லோஸ் சிசம் (1840–1915). மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகச் செனட் இல்லம், திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகம் ஆகியவற்றை வரைந்தவரும் இவரே. கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் (1856–1925). உயர்நீதிமன்றம் உள்ளிட்ட சென்னையின் செந்நிறக் கட்டடங்கள் பலவற்றின் ஒப்பந்தக்காரர் அவர். இந்தோ–சாரசெனிக் பாணி பற்றிய எழுத்துகள் வரைந்த ஆங்கிலேயரை விரித்துப் பேசிவிட்டுக் கட்டிய தமிழ்நாட்டுக் கொத்தரையும் தச்சரையும் செங்கல் சூளைக்காரரையும் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. செட்டியாரின் பெயரேனும் நிலைத்தது. அவருக்குக் கீழே உழைத்தோரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

கட்டடம் இரு தளங்களைக் கொண்டது. தரைத்தளம் சுமார் 13,300 சதுர அடி. மேல்தளம் சுமார் 12,500 சதுர அடி. ஒவ்வொரு தளத்திலும் ஏறத்தாழ 600 பேர் அமரத்தக்க கூடம் உண்டு. கிழக்குப் பக்கத்தில் 200-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய மரத்தாலான கேலரி அமைந்துள்ளது. வெளிப்புறம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அரைவட்ட வளைவுகளின் வரிசை ரோமனெஸ்க் பாணியை நினைவூட்டுகிறது. தாழ்வாரங்களைத் தாங்கும் மெல்லிய கற்றூண்களின் போதிகைகள் கொரிந்திய பாணியைத் தழுவியவை. சதுரக் கோபுரத்தின் உச்சியைச் சுற்றியுள்ள சுடுமண் அலங்காரப் பட்டை இசுலாமிய எழுத்தணியை ஒத்திருக்கிறது. கோபுரத்தின் மேல் திருவிதாங்கூர் பாணியிலான கூம்புக் கூரை.

இந்தக் கூரை சற்று நின்று நோக்கத்தக்கது. நேப்பியர் அருங்காட்சியகத்தை வரைந்த காலத்தில் சிசம் கேரளக் கூரையமைப்பை அணுகிப் பயின்றவர். செங்குத்தாகச் சரியும் கூரை, முகப்பு மரவேலை, மழையை வழியவிடும் நீண்ட இறவாரம் ஆகியவற்றை அங்கே அவர் கட்டடத்தின் உடலாகவே கொண்டார். சென்னையில் அதே கூரை கோபுரத்தின் தலையணியாகச் சுருங்கிவிட்டது. கேரளக் கோயில்களில் இக்கூரையின் கீழ்தான் கூத்தம்பலம் உள்ளது. கூடியாட்டத்திற்கென்று தூண், தளம், ஒலி என யாவும் கணக்கிட்டு அமைந்த அரங்கம் அது. அந்த மரபின் கூரைச் சாயல் வெளியே இருக்க, உள்ளே நாடகத்திற்கென்று எந்தக் கணக்கும் இல்லை. இதைச் சிசமின் குறையாகக் கருத வேண்டியதில்லை. அவரிடம் கேட்கப்பட்டது கூட்டம் கூடும் மண்டபம். அதை அவர் கொடுத்தார்.

தமிழில் அரங்க அளவு எழுதப்படாமலில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை 24 விரல் அளவுள்ள கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அரங்கை வரையறுக்கிறது. புக்கும் புறப்பட்டும் போகும் இரு வாயில்களையும், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளையும், தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைப்பதையும் அது கூறுகிறது. ஆடுவோரின் தேவையிலிருந்து தொடங்கிக் கட்டடத்திற்குச் செல்லும் சிந்தனை அது. விக்டோரியா மண்டபம் எதிர்த்திசையில் அமைந்தது. நீள்சதுரக் கூடம், சமதளத் தரை, ஒரு முனையில் பேச்சாளருக்கான மேடை. பின்வரிசையில் இருப்பவருக்குப் பேச்சாளரின் தலை தெரிந்தால் போதும். நடிகரின் கால் தெரிய வேண்டுமென்ற தேவை அப்போது எவருக்கும் இல்லை. மேலே திரைகளைத் தூக்கி மறைக்கும் உயரமும், பக்கங்களில் காட்சித் தட்டிகளை ஒதுக்கும் அகலமும் பேச்சு மேடைக்கு வேண்டாதவை.

இம்மேடையில் பேசியோர் பலர். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தம் செயல்திட்டம் பற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவை இங்கே நிகழ்த்தினார். அரசியல், சமயம், சமூகச் சீர்திருத்தம் என்று நகரின் பொதுவாழ்வு முழுவதும் இக்கூடத்தின் வழியே சென்றது. தென்னிந்தியாவில் அசையும் படம் முதன்முதலாகக் காட்டப்பட்ட இடமாகவும் திரைப்பட வரலாற்றாசிரியர்கள் இம்மண்டபத்தைக் குறிப்பர். அதுவும் 1890-களின் பிற்பகுதியே. இவையெல்லாம் ஓர் இரவு அல்லது சில இரவுகளின் நிகழ்வுகள். ஆண்டுக்கணக்கில் இங்கு தங்கியது நாடகம்.

சபையும் மண்டபமும்

1891-இல் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. அதை நடத்தியவர் தருமவரம் கிருஷ்ணமாச்சாரியார் என்னும் வழக்கறிஞர். படித்தவர், தொழிலுள்ளவர், ஊதியத்திற்காக அல்லாமல் கலைக்காக மேடையேறியவர். அதைக் கண்ட பதினெட்டு வயது மாணவர் பம்மல் சம்பந்தம் (1873–1964) அதுவரை தமிழ் நாடகத்தின்பால் மதிப்பில்லாதிருந்தவர். அவ்வாண்டு ஜூலை 1 அன்று நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். தெலுங்கு நாடகத்தைக் கண்டு தமிழ் நாடகச் சபை பிறந்தது என்பதை அவரே தம் 'நாடக மேடை நினைவுகள்' நூலில் ஒளிவின்றிப் பதிவு செய்துள்ளார். மாகாணத்தின் பல மொழிகளும் ஒரே கூடத்தை வாடகைக்கு எடுத்த காலம் அது. சுகுண விலாச சபையும் பின்னாளில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றில் நாடகம் நடத்தியது.

சம்பந்த முதலியாரின் 'புஷ்பவல்லி' 1893-இல் அரங்கேறியது. 'லீலாவதி – சுலோசனா', 'மனோகரா' ஆகியவை தொடர்ந்தன. சேக்சுபியரின் ஆம்லெட் 'அமலாதித்யன்' ஆகவும், வெனிசு வணிகன் 'வாணீபுர வணிகன்' ஆகவும், மாக்பெத் 'மகபதி' ஆகவும் தமிழுருப் பெற்றன. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கூடத்தை வாடகைக்கு எடுத்து வந்த சபை, 1902 முதல் தரைத்தளத்தின் ஒரு பகுதியைத் தன் இருப்பிடமாகக் கொண்டு 1936 வரை அங்கேயே இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள். ஓர் அரங்கக் கட்டடம் தன் மரபைப் பெறுவதற்கு இக்காலம் போதுமானது.

சபையின் நாடகச் சீர்திருத்தம் என்று வரலாற்று நூல்கள் பட்டியலிடுபவை மூன்று: விடிய விடிய நடந்த கூத்து சில மணி நேர நாடகமாகச் சுருங்கியது, பாட்டு மிகுந்த வடிவத்தில் உரைநடை உரையாடல் மேலோங்கியது, அறிவித்த நேரத்தில் தொடங்கி அறிவித்த நேரத்தில் முடியும் ஒழுங்கு வந்தது. இவற்றைச் சம்பந்த முதலியாரின் ஆங்கிலக் கல்விக்கும் சேக்சுபியர் ஈடுபாட்டிற்கும் உரியவையாகக் கூறுவது வழக்கம். அது பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று. வாடகைக் கூடத்திற்கு நேரக்கணக்கு உண்டு. மறுநாள் அதே மேடையில் வேறொரு கூட்டம் இருக்கும். பார்வையாளர் காலையில் நீதிமன்றத்திற்கும் செயலகத்திற்கும் போக வேண்டியவர். ஊர்ப்பொதுவிடத்தில் கூத்துக்கு இருந்த இரவின் தாராளம் பூங்கா நகரில் இல்லை. நாடகத்தின் கால அளவைக் குறைத்ததில் ஆசிரியரின் கொள்கைக்கு எவ்வளவு பங்கோ, கட்டடத்தின் வாடகை முறைக்கும் அவ்வளவு பங்கு உண்டு எனக் கொள்வது பொருந்தும்.

உரைநடைக்கும் இவ்வாறே கூடத்தோடு தொடர்பு காணலாம். திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோருக்குக் கேட்க வேண்டுமானால் குரலைப் பாட்டாக எறிய வேண்டும். பின்பாட்டும் தாளமும் துணைநிற்க வேண்டும். சுவரும் கூரையும் உள்ள, அறுநூறு பேர் அடங்கும் கூடத்தில் பேச்சு எடுபடும். மேலும், அது பேச்சுக்கென்றே கட்டப்பட்ட கூடம். மாலையில் வழக்கறிஞர் சொற்பொழிவாற்றிய அதே மேடையில், மறுமாலை அதே வழக்கறிஞர் மன்னனாக வேடமிட்டு வசனம் பேசினார். சபையின் நடிகருள் வழக்கறிஞரும் அலுவலரும் மிகுந்திருந்ததை இங்கே கருத வேண்டும். சம்பந்த முதலியாரே வழக்கறிஞராக இருந்து பின் நீதிபதியானவர். பெண் வேடங்களில் பெரும்புகழ் பெற்ற சி. ரங்கவடிவேலுவும் வழக்கறிஞர். 'மனோகரா'வில் நடித்த சத்தியமூர்த்தி மேடைப்பேச்சில் பெற்ற புகழ் அனைவரும் அறிந்தது. தமிழ் நாடக வசனத்திற்கும் தமிழ் அரசியல் மேடைப்பேச்சிற்கும் உள்ள உறவு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கியது போலப் பேசப்படுகிறது. 1954-இல் மு. கருணாநிதியின் வசனத்தில் 'மனோகரா' திரைப்படமானபோது அவ்வுறவு ஊரறிந்ததாயிற்று. அதன் முதல் வடிவம் அரை நூற்றாண்டுக்கு முன்பே பூங்கா நகரின் ஒரே மேடையில் பேச்சும் நாடகமும் மாறி மாறி ஏறியபோது உருவாகிவிட்டது.

காட்சியமைப்பில்தான் கட்டடம் மிகவும் இடையூறாக இருந்திருக்க வேண்டும். பார்சி நாடகக் குழுக்கள் ஓவியத் திரைகளையும் திடீர்க் காட்சி மாற்றங்களையும் நாடெங்கும் பழக்கியிருந்தன. சென்னைப் பார்வையாளரும் அவற்றை எதிர்பார்த்தனர். மின்விளக்கு 1909-ஐ ஒட்டித்தான் நகருக்கு வந்தது. அதற்கு முன்பு எண்ணெய், வாயு விளக்குகளின் சூட்டிலும் புகையிலும், பேச்சு மேடையின் மேல் நிறுவப்பட்ட தற்காலிகச் சட்டங்களில் திரைகளைத் தொங்கவிட்டு நாடகம் நடத்தினர். சம்பந்த முதலியார் தம் நினைவுகளில் திரை, உடை, ஒப்பனை, ஒத்திகை ஆகியவற்றை அத்துணை விரிவாக எழுதுவதன் காரணம் இங்கே விளங்கும். கட்டடம் தராததைச் சபை தன் உழைப்பால் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. நாடகத்திற்கென்றே கட்டிய அரங்கில் பணிபுரிந்தவர் இவ்வளவு எழுதியிருக்கமாட்டார்.

கொட்டகையும் கூடமும்

சபை ஏறிய மேடையை மட்டும் கண்டு அக்காலத் தமிழ் நாடகத்தை அளக்கலாகாது. அதே ஆண்டுகளில் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்கள் கீற்றுக் கொட்டகைகளில் நடந்தன. 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையையும் அவர் நிறுவினார். சிறுவர்கள் பயிற்சி பெற்று ஊர் ஊராகச் சென்றனர். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்ட தம் குழுவோடு பெரும் கூட்டத்தை ஈர்த்தார். அவர்களுடைய மேடை மூங்கிலும் கீற்றும், தரையில் மணல், நாடகம் முடிந்தால் பிரித்து வண்டியில் ஏற்றிவிடலாம்.

கொட்டகையின் தரைச் சீட்டுக்கு வந்த கூலியாளும் கைவினைஞரும் பூங்கா நகரக் கூடத்தின் நாற்காலிகளை நிரப்பியவர்கள் அல்லர். சபை உறுப்பினர் சந்தாவில் இயங்கியது. அதன் பார்வையாளரும் அவ்வட்டத்தைச் சார்ந்தோர். பெண் வேடத்தை ஆண்களே ஏற்றனர். மதிப்புக்குரிய குடும்பப் பெண் மேடையேறலாகாது என்ற கருத்தும், மேடையேறிய பெண் மதிப்புக்குரியவர் அல்லர் என்ற கருத்தும் அக்கூடத்தின் சுவர்களைப் போலவே உறுதியாக இருந்தன. 'நாடகத்தைக் கண்ணியமாக்கியது' என்று சபையைப் போற்றும்போது, கண்ணியத்தின் வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்பதையும் சேர்த்துக் கூறுவதே நேர்மை. கொட்டகை நாடகம் கட்டடம் எதையும் விட்டுச் செல்லவில்லை. அதனால் பாதுகாப்புப் பட்டியலில் அதற்கு இடமுமில்லை. தமிழ் நாடகத்தின் பெரும்பகுதி மரபுச் சின்னமாக நிற்க முடியாத பொருளால் ஆனது.

கொங்குப் பகுதியின் வேறு வழி

சென்னையின் இந்நிலையைப் பிற நகரங்களோடு ஒப்பிடும்போது அதன் தனித்தன்மை துலங்கும். கோயம்புத்தூரிலும் விக்டோரியா அரசியின் விழாவை ஒட்டி 1892-இல் நகர மண்டபம் எழுந்தது. அதற்கு முன்னின்றோருள் சே. ப. நரசிம்மலு நாயுடு குறிப்பிடத்தக்கவர். அம்மண்டபம் நகராட்சியின் மன்றக் கூடமாக நிலைத்தது. அதாவது பெயருக்கேற்ற வேலையைச் செய்தது. நிகழ்த்துகலைக்கான கூரை அங்கே வேறு கையிலிருந்து வந்தது. திருச்சியில் இரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். இன்றும் நகர மண்டபத்தின் அருகிலுள்ள சாலைக்கு அப்பெயரே வழங்குகிறது.

பஞ்சாலைகள் பெருகிய கோவை, திருப்பூர் வட்டாரத்தில் மாலைப்பொழுதுக்குக் காசு கொடுக்கத்தக்க தொழிலாளர் கூட்டம் உருவாகி வந்த காலம் அது. வின்சென்டின் அரங்கு அவர்களை நோக்கியது. நுழைவுச் சீட்டில் வாழ்ந்தது. சென்னை மண்டபமோ நன்கொடையில் எழுந்து வாடகையில் வாழ்ந்தது. கோவையின் மன்றக் கூடத்திலும் அரங்கிலும் கட்டடமும் பயனும் ஒன்றாகவே இருந்தன. சென்னையில் மட்டும்தான் ஒரு பேச்சு மண்டபம் ஒரு கலையின் வீடாகி, அதே வேளையில் அக்கலைக்கு உரிமையில்லாததாகவும் இருந்தது. கோவையைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் சுகுண விலாச சபையின் உறுப்பினராயிருந்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. கொங்குப் பகுதியின் படித்த வகுப்பினருக்கு நாடகம் என்றால் பூங்கா நகரமே.

குத்தகை முடிந்த பின்

1936-இல் சபை மவுண்ட் ரோட்டுக்குச் சென்றது. பேசும் படம் வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பயில்முறைச் சபைகளின் காலமும் சரிந்துகொண்டிருந்தது. சபை வெளியேறியதும் மண்டபத்தின் நாடகத் தொடர்ச்சி அறுந்தது. வாடகைக்கு இருந்தவர் போய்விட்டால் வீட்டுக்கு அவர் பெயர் நிற்பதில்லை. சுதந்திரத்திற்குப் பின் கட்டடம் பராமரிப்பின்றி நலிந்தது. 1985-இல் இரு நிகழ்வுகள் நேர்ந்தன: மே மாதத்தில் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று, 1886-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை முடிவுற்றது. ஆண்டுக்கு 28 ரூபாய்க்கு விடப்பட்ட நிலம் அப்போது நகரின் மிக விலையுயர்ந்த இடங்களுள் ஒன்று. அறங்காவலருக்கும் மாநகராட்சிக்கும் இடையே உரிமை வழக்கு எழுந்ததில் வியப்பில்லை. வழக்கு நீள, கூரை ஒழுகியது. பின்னர் மாநகராட்சி சீரமைப்பைக் கையில் எடுத்தபோது, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கீழே மெட்ரோ இரயில் சுரங்கப் பணி குறுக்கிட்டது. 2023-இல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின் கீழ் 32.62 கோடி ரூபாய் மதிப்பில் மீட்புப் பணி தொடங்கியது.

இவ்விடத்தில்தான் மும்பையோடு செய்யும் ஒப்பீடு பயன்படுகிறது. ராயல் ஆப்பரா ஹவுஸில் மாடத்தின் வளைவு, இசைக்குழுப் பள்ளம், மேடை முகப்பு ஆகியவை கல்லிலும் காரையிலும் நின்றன. மீட்போர் அவற்றைக் கண்டனர், மீட்டனர். விக்டோரியா மண்டபத்தில் நாடகம் விட்டுச்சென்றது கழற்றக்கூடிய சட்டங்களும் திரைகளும்தான். அவை சபையோடு போய்விட்டன. கட்டடத்தை மட்டும் ஆவணமாகக் கொண்டால் மீட்கப்படுவது சிசமின் கோபுரமும் சுடுமண் பட்டையும் கொரிந்தியத் தூண்களும் மட்டுமே. தமிழ் நாடகம் அங்கிருந்ததற்கு ஒரு விளக்கப் பலகைக்கு மேல் சான்றிருக்காது.

ஆனால் சான்று வேறு வடிவில் உள்ளது. 'நாடக மேடை நினைவுகள்' 1930-களில் ஆறு பாகங்களாக வெளிவந்த நூல். எழுதியவர் அம்மண்டபத்தை முகப்பிலிருந்து பார்த்தவர் அல்லர்; மேடையிலிருந்து கூடத்தைப் பார்த்தவர். ஒத்திகை எங்கே, ஒப்பனை எங்கே, திரை எப்படி, கூட்டம் எவ்வளவு, வாடகைக் கணக்கு எவ்வாறு என்பனவெல்லாம் அவருடைய கவலைகள். இதுவரை இந்நூல் நாடக ஆசிரியர் ஒருவரின் தன்வரலாறாகவும், இலக்கிய வரலாற்றுக்கான மூலமாகவும் வாசிக்கப்பட்டுள்ளது. கட்டட ஆவணமாக அது வாசிக்கப்படவில்லை. தளவரைபடத்தையும் இந்நூலின் குறிப்புகளையும் அருகருகே வைத்துக் கூடம், தாழ்வாரம், கேலரி, தரைத்தள அறைகள் ஆகிய ஒவ்வொன்றும் நாடக இரவுகளில் எவ்வாறு பயன்பட்டது எனக் குறித்து வருவது கட்டடக்கலைத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து செய்யவேண்டிய பணி.